எதை முதலில் போடுவது?

சளி பிடித்தவருக்கு அவசரமாக இஞ்சிப் பால் போடும் வீடுகளில் அடிக்கடி நடப்பது இது. பால் அடுப்பில் மெல்லச் சூடாகிக்கொண்டிருக்கும். பொங்கும்வரை காத்திருப்பானேன் என்று இஞ்சியைத் தட்டி அதிலேயே போட்டுவிடுவார்கள். சற்று நேரத்தில் பால் திப்பி திப்பியாகத் திரிந்து, மேலே வெளிறிய தண்ணீரும் அடியில் வெள்ளைத் துணுக்குகளுமாக நிற்கும். உடனே பழி பாலின் மேல் விழும். குப்பைக்கூடையிலிருந்து பாக்கெட்டை எடுத்துத் தேதி பார்ப்பார்கள். தேதி சரியாகத்தான் இருக்கும். பாலில் எந்தக் குறையும் இல்லை. இஞ்சி தன் இயல்பான வேலையைச் செய்திருக்கிறது.

தேயிலையோ காபித்தூளோ சேராத மூலிகைப் பால் ஒன்றைத்தான் இந்த அத்தியாயத்தில் போடப்போகிறோம். இஞ்சி, மிளகு, மல்லி விதை, ஏலக்காய், துளசி, மஞ்சள், கருப்பட்டி, பால். காபிக் கடைகளில் இப்போது மேலே நுரை வைத்து ‘ஹெர்பல் லாட்டே’, ‘டர்மரிக் லாட்டே’ என்று தருவதும் இதன் உறவுதான். பொருள்கள் பெரும்பாலான வீட்டு அஞ்சறைப் பெட்டியிலேயே கிடைக்கும். ஒரே பொருள்களை வைத்து இரண்டு பேர் போட்டாலும் சுவை வேறாக இருப்பதற்கு முக்கியக் காரணம், அவை பாத்திரத்துக்குள் போகிற வரிசை. எது தண்ணீரில் கொதிக்க வேண்டும், எது பாலோடு சேர வேண்டும், எது அடுப்பை அணைத்த பிறகு விழ வேண்டும் என்பதற்கெல்லாம் திட்டமான வேதியியல் காரணங்கள் உண்டு.

இஞ்சியிலிருந்தே தொடங்குவோம். பசும்பாலில் புரதம் ஏறக்குறைய 3.3 சதவீதம். அதில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். இந்தக் கேசீன் தனித்தனி மூலக்கூறாக மிதப்பதில்லை. ஆயிரக்கணக்கில் ஒன்றுதிரண்டு, கால்சியம் பாஸ்பேட்டால் பிணைக்கப்பட்டு, நுண்ணிய உருண்டைகளாக இருக்கிறது. சராசரி உருண்டை ஒன்றின் குறுக்களவு 150 முதல் 200 நானோமீட்டர். பால் வெள்ளையாகத் தெரிவதே இந்த உருண்டைகளும் கொழுப்புத் துளிகளும் ஒளியைச் சிதறடிப்பதால்தான். ஒவ்வோர் உருண்டையின் மேற்பரப்பிலும் கேப்பா கேசீன் என்ற புரதத்தின் வால்கள் எல்லாத் திசையிலும் நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டாற்சுருங்கிப் பூவைப் பார்த்தவர்களுக்கு அந்த உருவம் சட்டென்று பிடிபடும். வால்களில் எதிர்மின் சுமை இருப்பதால் ஓர் உருண்டை இன்னோர் உருண்டையை அண்டவிடாது. பால் கெட்டியாகாமல் நீர்மமாகவே இருப்பது இந்த விலக்கத்தின் புண்ணியம்.

பச்சை இஞ்சியில் ஜிஞ்சிபெய்ன் என்றொரு நொதி இருக்கிறது. புரதங்களை வெட்டுவது அதன் தொழில். அது கேப்பா கேசீனின் வாலை வெட்டிவிட்டால், காவல் இழந்த உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். பாலாடைக்கட்டி செய்பவர்கள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் ரென்னெட் செய்வதும் இதே வேலைதான். இஞ்சியின் நொதி 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் வாக்கில் மிகச் சுறுசுறுப்பாக இருக்கும். 70 டிகிரியைத் தாண்டினால் விரைவில் செயலிழந்துவிடும். குளிர்ந்த பாலில் இஞ்சியைப் போட்டு அடுப்பில் ஏற்றினால், பால் அந்த அறுபதுகளைக் கடந்துதான் கொதிநிலைக்குப் போக வேண்டும். தீ எவ்வளவு சிறிதோ அவ்வளவு நேரம் நொதிக்குக் கிடைக்கும்.

நாம் விபத்தென்று கொட்டுவதைத் தென் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் வேண்டுமென்றே செய்து இனிப்பாக உண்கிறார்கள். இதை வீட்டில் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும். நொதி வேலை செய்வதை இத்தனை சுலபமாகக் கண்ணால் காணும் வாய்ப்பு சமையலறையில் குறைவு. முற்றிய இஞ்சியைத் துருவிப் பிழிந்து, ஒரு மேசைக்கரண்டிச் சாற்றைக் கிண்ணத்தில் விடுங்கள். சற்று வைத்தால் அடியில் வெள்ளை மாவு படியும். ஊற்றுவதற்கு முன் கலக்கிவிடுங்கள். கொழுப்பு நிறைந்த பால் முக்கால் டம்ளர் எடுத்துச் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி, 70 டிகிரிக்குச் சற்றுக் கீழே வரும்வரை ஆறவிடுங்கள். பிறகு ஒரே மூச்சில் சாற்றின் மேல் ஊற்றி, கிண்ணத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள். கரண்டியை உள்ளே விடக் கூடாது. சில நிமிடங்களில் மேற்பரப்பில் அலையாட்டம் நிற்கும். கிண்ணத்தைச் சற்றே சாய்த்தால் பால் வழியாது. இளந்தயிர் போல நடுங்கும். புளிப்பு கொஞ்சமும் இருக்காது. சாறு பழசாகிவிட்டால் இது கூடாது. பிழிந்து வைத்த சாற்றில் இந்த நொதி சீக்கிரமே வீரியம் இழந்துவிடும் என்பதால், இஞ்சியை அப்போதே பிழிய வேண்டும்.

நமக்கு வேண்டியது குடிக்கும் பால். ஆகவே இஞ்சி முதலில் தண்ணீருக்குள் போகட்டும். இரண்டு பேருக்கு ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு விரற்கடை இஞ்சியைத் தட்டிப் போட்டு, நன்றாகக் கொதித்த பின் ஐந்து நிமிடம் விட்டால் நொதியின் கதை முடிந்துவிடும். பிறகு எவ்வளவு பால் ஊற்றினாலும் இஞ்சியால் அது திரியாது.

கொதியில் இன்னொரு மாற்றமும் நடக்கிறது. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால். கொதிக்கக் கொதிக்க அதில் ஒரு பகுதி ஜிஞ்சரோன் என்ற, காரம் குறைந்த, இதமான வாசனையுள்ள பொருளாக மாறும். இஞ்சியைக் காயவைத்துச் சுக்காக்கும்போதோ ஜிஞ்சரால் தன்னிலிருந்து ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஷோகால் ஆகிறது. அதன் காரம் ஜிஞ்சராலைவிட அதிகம். சுக்குக் காபி தொண்டையில் இறங்கும்போது தெரியும் அந்த உறைப்பு இதனால்தான். உலரும்போது நொதியும் பெரும்பாலும் போய்விடுகிறது. எனவே சுக்குப்பொடியால் பால் திரியும் அச்சம் அனேகமாக இல்லை. நேரமில்லாத நாளில் சுக்குப்பொடிதான் சரியான வழி.

அந்த உறைப்பு நாக்கில் உணரும் சுவை அன்று, உடல் உணரும் சூடு. 1997ல் சான்பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜூலியஸ் குழுவினர், மிளகாயின் காப்சைசினுக்கு மறுமொழி தரும் உணர்வி ஒன்றை நரம்புச் செல்களில் அடையாளம் கண்டார்கள். டிஆர்பிவி1 என்று பெயர். ஏறக்குறைய 43 டிகிரிக்கு மேற்பட்ட சூடு பட்டாலும் அதே உணர்விதான் திறக்கிறது. 2021ல் ஜூலியஸுக்கு மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது இந்தக் கண்டுபிடிப்புக்காக. மிளகின் பைப்பரினும் இஞ்சியின் ஜிஞ்சராலும் ஷோகாலும் அதே கதவைத் தட்டுபவை. மிளகுப் பால் உண்மையான சூட்டைவிடக் கூடுதலாகச் சுடுவது போலிருப்பதும், டம்ளர் காலியான பிறகும் நெஞ்சில் கதகதப்பு நிற்பதும் இதனால்தான்.

பால் சேர்ந்தால் காரம் அடங்கும். பைப்பரினும் ஷோகாலும் தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரைபவை. பாலின் கொழுப்புத் துளிகளும் கேசீன் உருண்டைகளும் அவற்றில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்வதால், நரம்பை எட்டும் அளவு குறைகிறது. கஷாயத்துக்குப் போடும் அளவு மிளகைப் போட்டுவிட்டுப் பால் சப்பென்று இருக்கிறதே என்று வருந்த வேண்டாம். பாலுக்கு இன்னும் இரண்டு மூன்று மிளகு கூடுதலாகத் தட்டிப் போடலாம்.

மிளகோடு மல்லி விதையையும் இப்போதே தண்ணீரில் சேர்த்துவிடலாம். துளசிக்கும் ஏலக்காய்க்கும் அவசரம் கூடாது. மல்லி விதையின் வாசனையில் பெரும்பங்கு லினலூல், ஏலக்காய்க்குச் சினியோல், துளசிக்கு யூஜினால். இவற்றின் கொதிநிலை தண்ணீரைவிட மிக அதிகம். சினியோலுக்கு 176 டிகிரி, லினலூலுக்கு 198, யூஜினாலுக்கு 254. அப்படியிருந்தும், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்போதே நீராவியோடு சேர்ந்து இவையும் கிளம்பிவிடும். தண்ணீரில் கரையாத எண்ணெய்ப் பொருள், தண்ணீரின் ஆவியழுத்தத்தோடு தன் ஆவியழுத்தத்தையும் சேர்த்துக்கொண்டு வெளியேறுவதுதான் இதன் சூட்சுமம். நீலகிரியில் யூகலிப்டஸ் இலைகளை வேகவைத்துத் தைலம் இறக்குவது இந்த ஒரே தத்துவத்தை நம்பித்தான். தைலம் காய்ச்சுபவர்கள் அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். நாம் பாத்திரத்தைத் திறந்துவைத்து, வீடெல்லாம் மணக்கிறது என்று மகிழ்கிறோம். வீட்டில் மணப்பது அத்தனையும் டம்ளருக்கு வராமல் போனது.

மல்லி விதை கெட்டியானது. அதன் எண்ணெய் வெளிவரச் சில நிமிடக் கொதி வேண்டும். எனவே கரகரப்பாகப் பொடித்துப் போட்டு, பாத்திரத்தை மூடித் தீயைக் குறையுங்கள். மூடியின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். மூடியை எடுக்கும்போது அதை வெளியே சொட்டவிடாமல் பாத்திரத்துக்குள்ளேயே சாயுங்கள். துளசி இலை மென்மையானது; அதை அடுப்பை அணைக்கும் நேரத்தில் கிள்ளிப் போட்டு மூடினால் போதும். ஏலக்காயையும் அப்போதே தட்ட வேண்டும். பொடித்து டப்பாவில் வைத்த ஏலம் நாளாக நாளாக மணத்தை இழந்துகொண்டே வரும்.

இப்போது பாலும் மஞ்சளும். இதில் ஒரு சிறிய சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஒன்றில் வெந்நீர், மற்றதில் சூடான பால். இரண்டிலும் கால் தேக்கரண்டி மஞ்சள்தூள் போட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீரில் தூள் அடியில் சேறாகப் படிந்து, மேலே கலங்கிய வெளிர்மஞ்சள் நீர் நிற்கும். பாலிலும் நார்த்தூள் கொஞ்சம் அடியில் படியும். ஆனால் பால் முழுவதுமே ஒரே சீரான மஞ்சளாகி இருக்கும். வடிகட்டினாலும் நிறம் போகாது.

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினை 1815லேயே வோகல், பெல்லத்தியே என்ற இருவர் பிரித்தெடுத்துவிட்டார்கள். அதன் மூலக்கூறு அமைப்பு தெரிய 1910 ஆயிற்று. அது தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையவே கரையாது. பாலிலோ அதற்கு இரண்டு புகலிடங்கள்: கொழுப்புத் துளிகள், கேசீன் உருண்டைகளின் உட்புறத்தில் தண்ணீரை விலக்கும் பகுதிகள். குர்குமினுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. புரதம் ஏதும் இல்லாத, அமிலமும் காரமுமற்ற நடுநிலைக் கரைசலில் உடல் வெப்பத்தில் வைத்தால் அரை மணி நேரத்தில் அதில் பெரும்பகுதி சிதைந்துவிடும். புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் அந்தச் சிதைவு வெகுவாகக் குறைகிறது. ஆக, மஞ்சளைப் பாலில் கலந்தது வெறும் வழக்கமாக வந்திருக்கலாம். வேதியியல் அந்த வழக்கத்துக்குப் பக்கபலமாக நிற்கிறது. 3 சதவீதக் கொழுப்புள்ள நீல ஆவின் பாக்கெட்டுக்கும் 6 சதவீதமுள்ள ஆரஞ்சுப் பாக்கெட்டுக்கும் இந்தப் பானத்தில் வித்தியாசம் தெரியும். நான் ஆரஞ்சின் பக்கம். நீலந்தான் வீட்டில் இருக்கிறதென்றால் கால் தேக்கரண்டி நெய் விடுவேன்.

இங்கே நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மஞ்சளோடு மிளகு சேர்த்தால் பலன் இருபது மடங்கு என்ற பேச்சை எங்கும் கேட்கிறோம். அதன் மூலம் 1998ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த ஆய்வு. ஆரோக்கியமானவர்களுக்கு 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, குர்குமின் இரத்தத்துக்குக் கிடைக்கும் அளவு 2000 சதவீதம் உயர்ந்தது. குர்குமினை வேற்றுப்பொருளாகக் கருதிக் கல்லீரல் வெளியேற்றும் வேலையைப் பைப்பரின் தடுத்து நிறுத்துவதால் இப்படி ஆகிறது. 20 மில்லிகிராம் பைப்பரின் ஏழெட்டு மிளகிலேயே கிடைத்துவிடும். 2 கிராம் குர்குமின்தான் கிடைக்காது. மஞ்சள்தூளில் குர்குமின் 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கால் தேக்கரண்டித் தூளில் 20 மில்லிகிராம் சொச்சம்தான் தேறும். ஆய்வில் ஒரு வேளைக்குக் கொடுத்த அளவை எட்ட ஏறக்குறைய நூறு டம்ளர் மஞ்சள் பால் குடிக்க வேண்டியிருக்கும். 2017ல் குர்குமின் ஆய்வுகளை மொத்தமாக அலசிய அமெரிக்க வேதியியலாளர்கள், போலி மருந்தோடு ஒப்பிட்டு இருதரப்புக்கும் மறைத்து நடத்திய மருத்துவச் சோதனைகளில் குர்குமின் வெற்றி கண்டதில்லை என்று எழுதினார்கள். மஞ்சள் பாலின் பெயரில் நோய் தீர்க்கும் வாக்குறுதிகளை விற்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் செயல். நோயாளியின் நம்பிக்கையோடு விளையாடும் வேலை அது. மஞ்சள் பால் நிறத்துக்காக, மண்வாசம் கலந்த அந்த மெல்லிய கசப்புக்காக, இதத்துக்காகக் குடிக்க வேண்டிய பானம். அந்தத் தகுதி அதற்குத் தாராளமாகப் போதும்.

அந்த இதத்தையும் அறிவியல் அளந்து பார்த்திருக்கிறது. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளிக்காய்ச்சல் ஆய்வு மையத்தை நடத்திவந்த ரான் எக்கிள்ஸ், சளி பிடித்த 30 பேருக்கு ஒரே பழப்பானத்தைச் சிலருக்குச் சூடாகவும் சிலருக்கு அறை வெப்பத்திலும் கொடுத்தார். 2008ல் முடிவு வெளிவந்தது. சூடாகக் குடித்தவர்கள் மூக்கொழுகல், இருமல், தும்மல் மட்டுமின்றித் தொண்டை வலி, குளிர், அசதி ஆகியவையும் உடனே தணிந்ததாகச் சொன்னார்கள். ஆறிய பானம் முதல் மூன்றுக்கு மட்டும் ஓரளவு உதவியது. கருவி வைத்து அளந்தபோது, சூடாகக் குடித்தவர்களின் மூக்கில் காற்றுப் போக்கு மாறவில்லை. அடைப்பு அப்படியே இருக்க, ஆள் மட்டும் தெளிந்துவிடுகிறார். சளியில் கிடப்பவருக்கு அதுவே பெரிய உதவி.

மறுபடி அடுப்படிக்கு வருவோம். கொதித்துச் சுண்டிய மூலிகை நீரை வடிகட்டி, தனியே காய்ச்சிய ஒன்றரை டம்ளர் பாலில் ஊற்றி, மஞ்சள் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். பால் காய்ச்சும் பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் அலம்பி ஊற்றிவிட்டுப் பாலை விடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அடிப்பிடிப்பதை அது குறைக்கிறது. 70 டிகிரிக்கு மேல் பாலின் வே புரதங்கள் சுருள் அவிழ்ந்து ஒன்றோடொன்று ஒட்டும். மேலே ஏடு கட்டுவதும் அடியில் தீய்வதும் அவற்றின் கைவரிசை. இடைவிடாமல் துழாவினால் இரண்டும் குறையும்.

கருப்பட்டிக்கு இன்னும் முறை வரவில்லை. கொதிக்கும் பாலில் கருப்பட்டியோ வெல்லமோ போட்டால் திரிந்துவிடும் என்பது தெரிந்ததே. இரண்டிலும் லேசான அமிலத்தன்மை உண்டு. ஈரம் பட்டுப் பழசானால் அது கூடும். பதநீர் புளிக்காமலிருக்கச் சுண்ணாம்பு தடவி இறக்குவதால் கருப்பட்டியில் கால்சியமும் சேர்ந்துவிடும். கேசீன் உருண்டைகள் குளிர்ந்த பாலில் இவற்றைச் சமாளித்துக்கொள்ளும். கொதிநிலையில் அந்தத் தாங்கும் சக்தி வெகுவாகக் குறைகிறது. எனவே கருப்பட்டியைக் கால் டம்ளர் தண்ணீரில் தனியே கரைத்துக் காய்ச்சி, மண் போக வடிகட்டி, பாலை இறக்கிக் கொஞ்சம் ஆறிய பிறகு கலக்க வேண்டும். தேன் விரும்புகிறவர்கள் டம்ளரில் ஊற்றியபின் சேர்க்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவத்திலும் கூடாது; பாட்டுலிசம் என்ற நச்சுநோயைத் தரும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்க வாய்ப்புண்டு.

கடைசி வேலை ஆற்றுவது. எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்தின் நீராவிக் குழாய் செய்வதை நம் டம்ளரும் டபராவும் செய்துவிடும். உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக விழும் பால், டபராவில் உள்ள பாலைத் துளைத்துக் காற்றை உள்ளே இழுத்துச் செல்கிறது. காற்றுக் குமிழியின் சுவரில் பால் புரதங்கள் போய்ப் படிந்து அது உடையாமல் பிடித்துக்கொள்கின்றன. பால் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் கொழுப்பு பாதி உருகியும் பாதி உறைந்தும் இருக்கும். அந்த நிலைக் கொழுப்பு குமிழிகளை உடைத்துவிடும். நல்ல சூட்டில் கொழுப்பு முழுக்க உருகிவிடுவதால் நுரை நிற்கும். ஆகவே ஆற்றலைச் சூடு இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். ஏழெட்டு முறை ஆற்றினால் குடிக்கும் பதத்துக்கு வந்துவிடும். 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016ல் வகைப்படுத்தியது. கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதைப் பெருமையாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தொண்டைக்கு நல்லதென்று அதிமதுரம் சேர்ப்பவர்கள் உண்டு. எப்போதாவது ஒரு துண்டு போட்டால் பாதகமில்லை. தினமும் சேர்ப்பது சரியில்லை. அதிலுள்ள கிளிசிரைசின் உடலில் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைத் தொடாமலிருப்பதே மேல். நாள்தோறும் மாத்திரை எடுப்பவர்கள், மிளகும் மஞ்சளும் அதிகமாகச் சேர்வதைப் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். குர்குமினை வெளியேறவிடாமல் தடுக்கும் பைப்பரின், சில மருந்துகளையும் அவ்வாறே தடுக்கக்கூடியது.

மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தேங்காய்ப்பால் இருக்கிறது. கெட்டியான முதல் பாலைக் கொதிக்கவிடக் கூடாது என்று சமைப்பவர்களுக்குத் தெரியும். தேங்காய் எண்ணெய்த் துளிகளைத் தண்ணீரில் பிரித்து நிறுத்திவைப்பது தேங்காயின் புரதங்கள். ஏறக்குறைய 80 டிகிரியில் அவை திரண்டுவிடுவதால் எண்ணெய் மிதக்கத் தொடங்கும். மூலிகை நீரை இரண்டாம் பாலில் கலந்து சூடாக்கி, மஞ்சளும் கருப்பட்டியும் சேர்த்து, அடுப்பை அணைத்தபின் முதல் பாலை ஊற்றிக் கலக்குங்கள். இதில் கேசீன் இல்லை. பச்சை இஞ்சிச் சாற்றைக் கடைசியில் அப்படியே பிழிந்துவிட்டாலும் இறுகாது. கொழுப்பு மிகுதி என்பதால் மஞ்சள் நன்றாக ஏறும். நுரை மட்டும் அவ்வளவாக வராது. இதற்கு இரண்டு ஆற்று ஆற்றினால் போதும்.